வைமாரி படுத்திருந்த தொட்டி

மனிஹேரா வேலை செய்வதை முதல் தடவை பார்க்கிற யாருக்கும் சிரிப்பு வரும். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு அவனுக்கு. ஆட்டு ரோமத்தை அள்ளிப் பொதி அடிக்கிற வேலை. அள்ளுவதற்கு முன்னால் ரோமம் போட்டுவைக்கிற ஒவ்வொரு பலகைத் தொட்டிக்குள்ளும் தலைகீழாகக் கவிழ்ந்து, அடிப்பலகை வரைக்கும் கையை விட்டு மூலை மூலையாகத் துழாவுவான். "என்ன மாப்ள, கோழி முட்டை போட்டிருக்கா?" என்று புதிதாகச் சேர்ந்த எவனாவது கேட்டுவைப்பான். அது நடந்த அன்றைக்குக் கொட்டகையில் இருந்த ஒருத்தரும் இதற்குச் சிரிப்பதில்லை. ஆடு மழிக்கிற எங்கள் செட்டை நடத்துகிற ஹூயா அத்தை, கேட்டவனை ஒரு பார்வை பார்ப்பாள். அதற்கப்புறம் அவன் அந்த சீசன் முழுக்க மனிஹேராவிடம் வாயைக் கொடுக்க மாட்டான்.

அந்த விஷயத்தை எடுக்க இன்றைக்கும் எங்களுக்கு மனசு வராது. ஆனால் அவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அதைத் தாண்டிக்கொண்டு போக வழியில்லை.

அவன் எங்கள் நாட்டின் வடக்குத் தீவில் வைரோவா பக்கம் பிறந்தவன். அப்பா ஆடு மழிக்கிறவர், அம்மா ரோமம் அள்ளுகிறவள். சீசனுக்கு சீசன் கொட்டகை கொட்டகையாகப் போகிற குடும்பம். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அப்படி வளர்ந்தவர்கள்தான். தாய்க்காரி மழிக்கிற மேடையில் ரோமம் அள்ள ஓடிக்கொண்டிருக்கும்போது கைக்குழந்தையை எங்கே கிடத்துவாள்? ரோமத் தொட்டியில்தான் கிடத்துவாள். குளிருக்குக் கதகதப்பு, கீழே மெத்தை, கண்ணெதிரே பிள்ளை. ஆளுக்கொரு தொட்டிக் கதை வைத்திருப்போம், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் செய்வோம். இப்போது நினைத்தால் எங்களில் இத்தனை பேர் எப்படிப் பிழைத்தோம் என்று திக்கென்கிறது.

மனிஹேராவின் வேலை இன்னதென்று சொல்லிவிட வேண்டும். மழித்த ரோமத்தைப் பெண்கள் அள்ளிவந்து மேஜைமேல் விரிப்பார்கள். தரம் பார்க்கிறவர் விரலால் தடவிப் பார்த்து இது முதல் தரம், இது இரண்டாவது, இது வயிற்று ரோமம் என்று சொல்லச் சொல்ல, அது அதற்குரிய பலகைத் தொட்டியில் போய் விழும். பொதி அடிக்கிறவன் தொட்டியின் முன்பலகையைக் கழற்றிவிட்டுக் கீழே இருந்து கை கொள்கிற மட்டும் உருவுவான். மேலே கிடப்பது தானாகச் சரிந்து இறங்கும். அதை பிரஸ் என்கிற இரும்புப் பெட்டிக்குள் கொட்டி, தானும் உள்ளே ஏறிக் காலால் மிதித்து இறுக்கி, மறுபடி கொட்டி, மறுபடி மிதிப்பான். பெட்டி நிறைந்ததும் பொத்தானை அமுக்கினால் மேலிருந்து கனத்த தகடு இறங்கும். ஆள் உயரத்துக்குக் கிடந்த ரோமம் இடுப்புயரப் பொதியாகிவிடும். இந்த வேலையில் மனிஹேராவை அடித்துக்கொள்ள தெற்குத் தீவின் ஓடாகோ மலைப்பக்கம் முழுக்க ஆள் கிடையாது.

மெரியானாவும் அதே கொட்டகைக்காரிதான். ரோமம் அள்ளுவதில் கையும் வேகம், பேச்சில் வாயும் வேகம். "பொதி மாதிரியே இருக்கான், இவனை யாரு கட்டிக்குவா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்துவிட்டுக் கடைசியில் அவளே கட்டிக்கொண்டாள். அடுத்த வருஷம் பெண் பிறந்தது. வைமாரி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பூர்வகுடி மொழியில் சாந்தம் என்று அர்த்தம். எந்த நேரத்தில் வைத்தார்களோ.

குடித்த பாலில் பாதி அந்தக் குழந்தைக்கு மேலே வரும். தோளில், தலைமுடியில், தலையணையில், காரின் சீட்டில் எல்லாம் புளித்த பால் வாடை. அதுகூடப் பரவாயில்லை. படுக்கையில் முதுகு பட வேண்டியதுதான், தேகம் வில்லாக வளைந்து, முகம் செக்கச் சிவந்து, கிறீச்சென்று ஒரு அலறல். இரண்டு கையகல உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று மனிஹேரா நினைத்ததே இல்லை. முதல் வாரம் யாரோ பிள்ளையைக் கிள்ளிவிட்டார்கள் என்றே நம்பினான். துணியை அவிழ்த்து உடம்பு பூராவும் ஊசி குத்தியிருக்கிறதா என்று தேடினான். தூக்கி நிறுத்தினால் அடங்கும். கண் சொருகும். மெல்லக் கிடத்தினால் மறுபடி அலறல்.

டாக்டரிடம் ஓடினார்கள். அவர் நிறுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எதுக்களிப்புதான், இரைப்பை வாய் இன்னும் இறுகவில்லை, எடை நன்றாக ஏறுகிறது, மருந்து வேண்டியதில்லை, உட்காரப் பழகினால் தானாகக் குறையும் என்றார். மனிஹேராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் இரண்டு பேர் தூக்கமில்லாமல் சாகக் கிடக்கிறோம், பிள்ளை நன்றாக இருக்கிறதாமே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான். குழந்தைகளைப் பார்க்க வீட்டுக்கு வருகிற நர்ஸ் பொறுமையானவள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், குடித்ததும் அரை மணி நேரம் நிமிர்த்திப் பிடியுங்கள் என்றாள். அப்புறம் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். தூங்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும், தனிப் படுக்கையில், தட்டையான மெத்தையில், பக்கத்தில் மெத்துமெத்தென்று எதுவும் இருக்கக் கூடாது. தலைப்பக்கம் உயர்த்தி வைக்கவே கூடாது.

முதலில் சொன்னதைக் கேட்டார்கள். கடைசியில் சொன்னதை அவள் கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும்தான் கேட்டார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அவர்கள் நிலைமையும் அப்படி ஆகியிருந்தது. மனிஹேரா ஒருநாள் பூட்ஸை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினான். இன்னொரு நாள் மூடிக் கிடந்த பண்ணைக் கேட்டின்மேல் வண்டியை விட்டுவிட்டு, கேட் எப்போது வந்தது என்று கேட்டான். மெரியானா உருளைக்கிழங்கை உரித்துத் தோலை அடுப்பில் வேகவைத்துக் கிழங்கைக் குப்பையில் போட்டாள். போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். யார் எது பேசினாலும் காதில் விழும், மனசில் நிற்காது. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் போனார்கள்.

வசந்தகால மழிப்பு தொடங்கியது. மெரினோ ஆடுகள் நிறைந்த ஒரு மலைப்பண்ணையில் செட் போய் இறங்கியது. பிள்ளையைத் தனியாக வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மெரியானாவும் கிளம்பி வந்துவிட்டாள். முதல் நாள் காலையில் சும்மா வேடிக்கை காட்டத்தான் குழந்தையைக் கொட்டகைக்குத் தூக்கிவந்தாள். மெஷின்கள் எல்லாம் ஒரே சேர இரைந்தன. தோளில் கிடந்த வைமாரி ஒரு கொட்டாவி விட்டாள், கழுத்து துவண்டது. ஓரத்தில் இருந்த வயிற்று ரோமத் தொட்டியில், தலைப்பக்கம் மேடாக ரோமத்தைக் குவித்து அவளைக் கிடத்தினார்கள். அலறல் வரவில்லை. தேநீர் இடைவேளைக்கு மெஷின்கள் நின்றதும்தான் முழித்தாள்.

மெரியானா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நம்ப முடியாமல் நின்றாள். "இங்க பாருடா, தூங்கிட்டா" என்று மனிஹேராவிடம் அவள் சொன்ன குரலில் கிட்டத்தட்ட பயம்தான் இருந்தது. ஹூயா அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நம்ம ரத்தம் வேற எங்கடி தூங்கும்? நானும் இதுலதான் தூங்கினேன், இவனும் இதுலதான் தூங்கினான்" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஓரத்துத் தொட்டி பாப்பாவின் தொட்டி. வயிற்று ரோமம் கடைசியாக அடிக்க வேண்டியது என்பதால் மனிஹேரா அதைத் தொடவே மாட்டான். அவள் தூங்குகிற நேரத்தில் மெரியானாவும் பொதிகளின்மேல் ஏறிச் சுருண்டுகொள்வாள். நர்ஸ் சொன்னது ஒன்றுகூட நினைவில்லையா என்று கேட்டால், நினைவிருந்தது. ஆனால் தூக்கத்துக்கு முன்னால் எந்தப் புத்திமதி நிற்கும்?

அந்தக் கொட்டகையில் இந்த ஏற்பாடு பிடிக்காத ஒரே ஆள் லயல். தரம் பார்க்கிற வெள்ளைக்காரர். காதை அடைக்கிற மூடியை மாட்டிக்கொண்டு மேஜையோடு மேஜையாக நிற்பார். வேலை நேரத்தில் யாரிடமும் பேச மாட்டார். முதல் தர ரோமத்தில் ஒரு வைக்கோல் துரும்பு கிடந்தால் அன்றைக்கு முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. பிள்ளைகுட்டிகளைக் கொட்டகைக்குள் விடுவது ரோமத்துக்குக் கேடு என்று ஹூயா அத்தையிடம் முதல் நாளே புகார் சொல்லியிருந்தார். ரோமத்துக்குத்தான் கேடு என்றார், பிள்ளைக்கு என்று சொல்லவில்லை. எல்லாரும் அவரை முதுகுக்குப் பின்னால் ஏசினோம்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் ஆட்டுக்கறியும் கிழங்கும் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். மெரியானா குழந்தைக்குப் பால் கொடுத்து, அரை மணி நேரம் தோளில் போட்டு நடந்து, ஏப்பம் விடவைத்து, ஓரத்துத் தொட்டிக்கு வந்தாள். அதில் புதிதாகப் போட்டிருந்த வயிற்று ரோமம் பூராவும் முள். பார்த்துவிட்டு அடுத்த தொட்டியில் கிடத்தினாள். அதில் கிடந்தது முதல் தரம், பட்டு மாதிரி ரோமம். அந்தத் தொட்டிக்குப் போதுமான அளவு சேர்ந்துவிட்டது என்று பெண்கள் வேறொன்றில் போட ஆரம்பித்திருந்தார்கள். பிரஸ்ஸுக்குள் நின்று இரண்டாம் தரத்தை மிதித்துக்கொண்டிருந்த மனிஹேராவைப் பார்த்து அவள் கத்திச் சொன்னாள். அவன் தலையாட்டினான். அவள் போய்ப் பொதிமேல் படுத்தாள், படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள்.

அவன் அந்தப் பொதியை முடித்து உருட்டிவிட்டான். புதிய சாக்கை பிரஸ்ஸில் மாட்டினான். அடுத்தது முதல் தரம். முன்பலகையைக் கழற்றினான், கீழே இருந்து உருவினான், கொட்டினான், ஏறி மிதித்தான், இறங்கினான், உருவினான். கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். கையும் காலும் தங்கள் பாட்டுக்கு வேலை செய்தன. தொட்டி காலியானது. மூடினான். பொத்தானை அமுக்கினான். தகடு இறங்கியது.

தொட்டியைக் கூட்டிவிடலாம் என்று குனிந்தபோது அடிப்பலகையில் ஒரு துணி கிடந்தது. வைமாரியின் வாய் துடைக்கிற துணி. எடுத்து, வழக்கம்போலத் தோளில் போட்டான். புளித்த பால் வாடை அடித்தது. இது ஏன் இங்கே கிடக்கிறது, அவள் துணி ஓரத்துத் தொட்டியில் அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஓரத்துத் தொட்டியை எட்டிப் பார்த்தான். அதில் முள்தான் இருந்தது.

அப்போதுதான் மெரியானா கத்திச் சொன்னது அவன் காதுக்கு வந்து சேர்ந்தது. 'ஓரத்துல முள்ளு. பக்கத்துத் தொட்டியில போட்டிருக்கேன்.'

பொதிகளின் பக்கம் பார்த்தான். மெரியானா குப்புறப் படுத்திருந்தாள், இரண்டு கையும் வெறுமையாகத் தொங்கின. பிரஸ்ஸைப் பார்த்தான். தகடு அடிமட்டம் வரைக்கும் இறங்கி நின்றது. இரண்டு கையும் நிறைய ஒரு தடவை அள்ளுகிற ரோமத்தின் கனம் அவன் மகளின் கனத்தைவிட அதிகம். அள்ளும்போது தெரிந்திருக்காது. மிதித்தபோது காலில் ஏதாவது மெத்தென்று பட்டதா? எல்லாமேதான் மெத்தென்று பட்டது.

தகட்டை மேலே ஏற்றிவிட்டு, கதவை உடைக்காத குறையாகத் திறந்து, கத்தியால் சாக்கைக் கிழித்தான். ரோமம் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டு கையாலும் பிய்த்துப் பிய்த்து எறிந்தான். பக்கத்தில் மழித்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்து, அவன் முகத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினான். அடுத்தவன் நிறுத்தினான். பாதி மழித்த ஆடுகள் எழுந்து ஓடின. ஒருத்தரும் பிடிக்கப் போகவில்லை. எங்கள் கொட்டகைகளில் மணி அடிக்காமல் மெஷின் நிற்பதென்றால் ஆள் செத்தால்தான் உண்டு.

சத்தம் குறையக் குறைய மெரியானா கண் விழித்தாள். கிழிந்த பொதியையும், புருஷன் தோளில் தொங்கிய அந்தத் துணியையும் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கத்தாமல் இறங்கி வந்து அவனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவளும் பிய்க்க ஆரம்பித்தாள். ஹூயா அத்தை வந்து சேர்ந்துகொண்டாள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். கடைசி மெஷினும் நின்றது. ரோமத்தைப் பிய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அமைதியில்தான் அழுகை கேட்டது.

கிறீச்சென்ற அதே அலறல். இத்தனை மாதம் அவர்கள் உயிரை எடுத்த அதே குரல். முதலில் யாருக்கும் அது உறைக்கவில்லை. மனிஹேரா பொதிக்குள்ளிருந்து வருகிறதென்று நினைத்து இன்னும் வெறியாகத் தோண்டினான். ஹூயா அத்தை அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "நில்லுடா. நில்லு. அங்கேருந்து வருது" என்று டீ குடிக்கிற அறையைக் காட்டினாள்.

மெரியானா ஓடினாள். அந்த அறையில், நாங்கள் தினமும் ஸ்வெட்டர்களைப் போட்டுவைக்கிற வைமாரியின் சொந்தக் கூடைப் படுக்கை தரையில் இருந்தது. ஸ்வெட்டர்கள் ஒரு நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. தட்டையான மெத்தையில் மல்லாக்கக் கிடந்த குழந்தை கால்களை உதைத்துக்கொண்டு வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

லயல் அப்போதுதான் காது மூடியைக் கழற்றினார். எல்லாரும் எதைத் தேடுகிறார்கள் என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. யாரோ பிரஸ்ஸில் கையை விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"குழந்தையா?" என்றார். "நான்தான் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சேன். முதல் தரத்துல பால் கக்கி வெச்சிருந்துது. கறை போகாது. நான் அப்பவே சொன்னேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் திறந்து கிடந்த பிரஸ்ஸையும், கிழிந்த சாக்கையும், மனிஹேராவின் முகத்தையும் பார்த்தார். பிடிமானத்துக்கு மேஜையைத் தேடினார். அதன்மேல் விரித்திருந்த ரோமத்தின்மேலேயே உட்கார்ந்தார். அவர் ரோமத்தின்மேல் உட்கார்ந்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

பால் கக்காமல் இருந்திருந்தால்? கட்டை விரல் அகலத்துக்கு ஒரு கறை. எந்தக் கக்கலை நிறுத்த டாக்டரிடம் ஓடினார்களோ, அந்தக் கக்கல். பிள்ளைக்காக இல்லை, ரோமத்துக்காக அவளைத் தூக்கினார் அந்த மனுஷன். அதை நினைக்கும்போதெல்லாம் அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

ஹூயா அத்தை அன்றைய வேலையை அத்தோடு நிறுத்தினாள். மறுநாள் காலையில் கொட்டகை வாசலில் நின்று, தொட்டிப் பெருமை பேசிய அதே வாயால், இனிமேல் என் செட்டில் எவள் பிள்ளையும் உள்ளே வரக் கூடாது, பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் போடுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அது நடந்த அன்று பொழுது சாய்கிற நேரம் மனிஹேரா, நாங்கள் தங்கியிருந்த விடுதிப் படியில் உட்கார்ந்திருந்தான். பூட்ஸைக் கழற்றித் தூரமாக வைத்திருந்தான். கொட்டகையிலிருந்து வந்ததிலிருந்து அவன் பிள்ளையைத் தொடவில்லை. மெரியானாவும் கொடுக்கவில்லை. உள்ளே அவள் பால் கொடுத்து, தோளில் போட்டுக்கொண்டு நடப்பது பலகைத் தரையில் கேட்டது. பிறகு நடை படிக்கு வந்தது.

"நான் சொன்னேன்ல?" என்றாள்.

"சொன்னே."

"தலையாட்டினியே."

"ஆட்டினேன். காதுல விழுந்துது. உள்ள போகல."

அவள் பார்வை அவன் வெறுங்கால்களின்மேல் இருந்தது. அவளும் கொட்டகையில் வளர்ந்தவள், பொதி எப்படி அடிப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏறி மிதிச்சியா?"

பொய் சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் நம்ப ஆசைப்பட்டிருப்பாள்.

"மிதிச்சேன்" என்றான். "நல்லா இறுக்கித்தான் மிதிச்சேன்."

மெரியானா தூணில் சாய்ந்துகொண்டாள். குழந்தையைப் பிடித்திருந்த கை தானாகத் தழைந்தது, மறுபடி ஏற்றிப் பிடித்தாள். இத்தனை மாதம் தூங்காத தூக்கமெல்லாம் அந்தக் கையில் வந்து நின்றது. வைமாரி முதுகை வளைத்துச் சிணுங்கினாள். எந்த நேரமும் அலறல் வரலாம்.

"நானும்தான் அவளை அதுல போட்டேன்" என்றாள் மெரியானா. குனிந்து, குழந்தையை அவனிடம் நீட்டினாள்.

அவன் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "என்கிட்ட வேண்டாம். வேற யார்கிட்டயாவது குடு."

"வேற யாரு இருக்கா? எனக்குக் கை ஓய்ஞ்சு போச்சு, மனி. கீழ போட்டுடுவேன்." அவள் இன்னும் நீட்டியபடியே நின்றாள். "பிடி. தோள்ல போடு. இப்பதான் குடிச்சிருக்கா."

அவன் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான்.